கேக்கில் மறைத்த பூசணி

பாயான் பாரு சந்தையில்
காலை பத்து மணிக்குப்
பூசணியைத் தட்டிப் பார்க்கிறவர்களில்
தொழிற்சாலைச் சீருடை போட்டவன் நான் ஒருவன்தான்.
அரைக்காய் போதும் என்றேன்.
வெட்டினால் மீதியை யார் தலையில் கட்டுவது
என்றாள் கடைக்கார ஆ மோய்.
முழுசாகவே தூக்கிக்கொண்டு வந்தேன்
பதினோராவது மாடிக்கு,
லிஃப்டில் யாரும் ஏறிவிடக்கூடாதே என்று.

அடுப்போடு வந்த சின்னப் புத்தகம் சொல்கிறது:
இலையுதிர் காலத்துக்கு ஏற்ற கேக்.
பினாங்கில் அதற்கென்று ஒரு மாதம் கிடையாது.
கீழே வண்டி நிறுத்துமிடத்து அங்சானா
மழை என்றாலும் உதிர்க்கும்
வெயில் என்றாலும் உதிர்க்கும்.
சருகும் மஞ்சள் பூவும்
என் மோட்டாரின் இருக்கையில் சேர்ந்துவிடும்.
அது எங்கும் போகாமல் நிற்பதை
அவற்றை வைத்தே சொல்லிவிடலாம்.
தினமும் ஐந்தரைக்கு இறங்கிப் போய்த்
துடைத்துவிட்டு வருகிறேன்.

பத்தொன்பது வருடம் என் வேலையே ஓர் அடுப்புதான்.
பாயான் லெப்பாஸில்,
ஒன்பது அறை, பேருந்தை விட நீளம்.
பச்சைப் பலகைகள் சங்கிலியில் ஊர்ந்து போகும்,
பற்றாசு உருகி, ஒட்டி, மறுபக்கம் வரும்.
சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும்.
உச்சியில் ஒரு நிமிடம்.
மெல்லத்தான் இறக்க வேண்டும்,
அவசரப்பட்டால் விரிசல்.
எங்களை இறக்கியபோது மட்டும் அவசரப்பட்டார்கள்.
ஒரு வெள்ளிக்கிழமை, ஆளுக்கொரு உறை, அறுபது பேர்.
அங்கே அது
ஆளுதிர் காலம்.

வீட்டு அடுப்புக்கு ஒரே அறை.
கோகிலவாணி மலிவு விற்பனையில் வாங்கி
முறுக்கு டின் அடுக்கி வைத்திருந்தாள்.
டின்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பூசணியை ஆவியில் வேகவைத்து மசித்தேன்.
கூலா மெலாக்காவை உருக்கி வடிகட்டினேன்,
அடியில் மணல் இருந்தது.
பட்டை, சுக்கு, நான்கு கிராம்பு.
பாலேக் பூலாவ் ஜாதிக்காயைத் துருவும்போது
கை பழைய பழக்கத்தில்
மில்லிகிராம் தராசைத் தேடியது.
தராசு இல்லை. அதிகமாக விழுந்துவிட்டது.

அவளுக்குப் பூசணி ஆகாது.
சாம்பாரில் ஒரு துண்டு வந்தாலும்
தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவாள்,
பேசாமல், வரிசையாக.
சோற்றில் மறைக்க முடியாததை
மாவில் மறைத்துவிடலாம் என்று
நான் நம்பியது அன்று மதியம்.

நூற்று எண்பதில் ஐம்பது நிமிடம்.
கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்தேன்,
அது மெல்ல உப்பியது
எவனும் உத்தரவு போடாமலே.
வாசம் கதவிடுக்கு வழியே வெளியேறித்
தாழ்வாரம் முழுக்க நின்றது.
எதிர்வீட்டு ஜமீலா எட்டிப் பார்த்து,
இன்றைக்கு என்ன பெருநாள் என்று கேட்டார்.
ஒன்றுமில்லை, லீவு என்றேன்.
சட்டைப் பையில் பெயர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

ஆறரைக்கு வந்தாள்.
பல் டாக்டர் கவுண்டரில் நாளெல்லாம்
சீனியைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவள்
ஒரு துண்டு எடுத்தாள்.
நின்றபடியே இன்னொன்று.

பூசணி, என்றாள்.
கேரட் என்றேன்.
பூசணி.

பிறகு, கைப்பையைக் கூடக் கழற்றாமல்:
'கீழ எல்லா இடத்துலயும் சருகு கிடக்குது.
உங்க மோட்டாருக்கு அடியில மட்டும் ஒண்ணுமில்ல.
மோட்டார் அளவுக்குச் சுத்தமா இருக்கு.
மூணு வாரமா.'

இருக்கையைத் துடைத்தேன்.
தரையை யோசிக்கவில்லை.

அடுப்பு ஆறும்போது தகரம் டிக் டிக் என்று
சுருங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.
அவள் மூன்றாவது துண்டையும் தின்று முடித்தாள்.
தட்டின் ஓரத்தில் எதுவும் இல்லை.

குளிர்பெட்டியைத் திறந்து
மீதிப் பூசணியைப் பார்த்தாள், நான்கு டப்பா.
'நாளைக்குச் செய்யும்போது
ஜாதிக்காயக் குறைங்க,' என்றாள்.